நீதிமன்றத்தில் நிபுணர் சொல்
எருத்தேன்பதி முதல் பெரியாறு வரை: மூன்று நீர் வழக்குகளின் வரலாறு



கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது எருத்தேன்பதி என்னும் ஊராட்சி. அது அடங்கியுள்ள வட்டத்திற்குச் சித்தூர் என்பது பெயர். ஆந்திரத்துச் சித்தூர் வேறு; இது முன்பு கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்து, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவானபோது அதில் இணைந்த பகுதி. அரசு மாறியதே தவிர ஊரின் மொழி மாறவில்லை. எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி முதலிய ஊர்களில் இன்றும் வீட்டுப் பேச்சு தமிழே. கேரளம் என்றதும் நம் கண்முன் தோன்றும் கொட்டும் மழையும் பெருகும் ஆறுகளும் இங்கே இல்லை. தென்மேற்குப் பருவமழையில் ஒரு சிறு பங்குதான் இந்த மண்ணுக்குக் கிடைக்கிறது. ஆகவே இங்கே நிலத்தின் மதிப்பு நீரால் அளக்கப்படுகிறது. வழக்கும் பெரும்பாலும் நீரைப் பற்றியே எழுகிறது.

இதே எல்லைக்கோட்டைப் பற்றிக்கொண்டு தெற்கே சென்றால், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு மலைகளை அடைகிறோம். அங்கேயும் தமிழ் பேசும் மக்கள் உண்டு. அங்கேயும் ஒரு பெரிய நீர் வழக்கு உண்டு. இவ்வெல்லைப் பகுதியின் நீர் வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர், திரைக்குப் பின்னிருந்து யோசனை கூறும் சட்ட ஆலோசகர், கலையிலோ அறிவியலிலோ தேர்ந்து சாட்சியம் அளிக்கும் நிபுணர் ஆகியோருள் யாருடைய சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே அவ்வுண்மை. அதையே இன்று ஆராய்வோம்.

வழக்கில் உண்மையை நிலைநாட்டும் வழிகளைப் பற்றி நம் முன்னோர் தெளிவாகச் சிந்தித்திருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த வழக்கு ஒன்று விரிவாக வருகிறது. சுந்தரருடைய திருமண நாளில் ஒரு முதியவர் வந்து, இவர் எனக்கு அடிமை, இவருடைய பாட்டனார் எழுதித் தந்த ஓலை என்னிடம் இருக்கிறது என்று வழக்கிடுகிறார். அவையோர் கேட்ட சான்றுகள் மூன்று: நெடுங்கால அனுபவம், எழுதப்பட்ட ஆவணம், அயலவரின் சாட்சி. முதியவர் மூல ஓலையைக் காட்டுகிறார். அவையோர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. காப்பில் இருந்த பாட்டனாரின் மற்றோர் எழுத்தை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூறுகின்றனர். பக்திக் கதை என்பது ஒருபுறம் இருக்க, கையெழுத்தை ஒப்பிட்டு மெய்ம்மை காணும் முறை தமிழ்நாட்டு அவைகளுக்குப் பழக்கமானது என்பதற்கு இப்பகுதி நல்ல சான்று.

ஆயினும் அந்த அவையில் ஒப்பிட்டுப் பார்த்தவர் அவையோரே. அவைக்குத் தெரியாத ஒரு துறையில் தேர்ந்தவரை வெளியிலிருந்து அழைத்து, அவர் கருத்தைச் சாட்சியமாகக் கொள்வது வேறு. இம்முறைக்கு அடிகோலிய வழக்குகளுள் முதன்மையானது 1782-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்தது. அதுவும் நீர் வழக்கே. நார்ஃபோக் மாவட்டத்து வெல்ஸ் துறைமுகம் மணலால் தூர்ந்து வந்தது. அருகிலிருந்த நிலப்பிரபு, சதுப்பு நிலத்தை மீட்பதற்காகக் கட்டிய கரைதான் அதற்குக் காரணம் என்று ஒரு சாரார் கூறினர். நிலப்பிரபுவின் தரப்பில் ஜான் ஸ்மீட்டன் என்னும் புகழ்பெற்ற பொறியியலாளர் சாட்சி சொல்ல வந்தார். எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர் அவர். அக்கடற்கரையில் கரை எதுவும் கட்டப்படாத துறைமுகங்களும் தூர்ந்து வருகின்றன என்பது அவர் கருத்து. கண்ணால் கண்டதைச் சொல்பவனே சாட்சி, கருத்துச் சொல்பவன் சாட்சி ஆகான் என்ற தடை எழுந்தது. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு அத்தடையை நீக்கினார். இத்துறையில் தேர்ந்தவரின் கருத்தைக் கேட்பதே முறை என்று அவர் தீர்ப்பளித்தார். நிபுணர் சாட்சியின் வரலாற்றைக் கூறும் சட்ட நூல்கள் இவ்வழக்கைத் தவறாமல் எடுத்துக்காட்டுகின்றன.

இந்தக் கொள்கை இந்திய மண்ணில் எழுத்துருப் பெற்றது 1872-ஆம் ஆண்டில். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து ஆகியவற்றில் தனித் திறமை உடையோரின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்றது. கைரேகை 1899-ஆம் ஆண்டில் இப்பட்டியலில் சேர்ந்தது. அச்சட்டம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு, பாரதிய சாக்ஷிய அதினியம் என்னும் புதிய சட்டம் அதன் இடத்தில் நிற்கிறது. அதன் 39-ஆம் பிரிவு பழைய விதியை ஏற்று, மற்ற எத்துறையையும் அடக்கும்படி விரித்திருக்கிறது.

இங்கே இரண்டு பணிகளை வேறுபடுத்திக் காண்பது நன்று. சட்ட ஆலோசகர் தம் கட்சிக்காரருக்குக் கடமைப்பட்டவர். எந்த உரிமையைக் கேட்பது, எந்த நீதிமன்றத்தில் கேட்பது, எந்த ஆவணத்தை முன்வைப்பது, எந்த நிபுணரை அழைப்பது, அவரிடம் என்ன கேட்பது என்று வகுத்துக் கொடுப்பவர் அவரே. நிபுணர் சாட்சியின் நிலை வேறு. அவருக்குக் கூலி கொடுப்பவர் ஒரு கட்சிக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் கடமை நீதிமன்றத்திற்கே உரியது. இங்கிலாந்தில் 1999-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உரிமையியல் விதிகள் இதனை வெளிப்படையாகவே எழுதிவைத்தன. நம் உச்சநீதிமன்றமும் அதே 1999-ஆம் ஆண்டில், இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டங்களைப் பற்றிய ஒரு வழக்கில், நிபுணர் தம் முடிவை மட்டும் கூறினால் போதாது, அம்முடிவுக்கு வந்த வழியையும் ஆதாரங்களையும் நீதிபதி சோதித்துப் பார்க்கும்படி வைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியது. நிபுணரின் கருத்து ஆலோசனையே, தீர்ப்பு நீதிபதியுடையது.

இக்கொள்கைகள் நடைமுறையில் எவ்வாறு இயங்கின என்பதைக் காண நம் எல்லைப் பகுதிக்குத் திரும்புவோம்.

முதல் வழக்கில் பேசியது ஆவணம். 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசுக்கும் சென்னை மாகாணத்தின் சார்பில் இந்திய அமைச்சருக்கும் இடையே பெரியாற்றுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காலம் 999 ஆண்டுகள். நிலம் எண்ணாயிரம் ஏக்கர். ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டு வாடகை நாற்பதாயிரம் ரூபாய். பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் எழுந்த அணை 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பி, மதுரைச் சீமையின் வயல்களுக்கு வார்த்தது. பல ஆண்டுகள் சென்றபின், அந்த நீர் மலையிலிருந்து இறங்கும் வேகத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கச் சென்னை அரசு விரும்பியது. பாசனத்துக்குத் தந்த நீரை மின்சாரத்துக்குப் பயன்படுத்த உரிமை இல்லை என்று திருவிதாங்கூர் தடுத்தது.

இரு தரப்பும் நடுவர்களை நியமித்தன. சென்னையின் நடுவர் சர் டேவிட் தேவதாஸ். திருவிதாங்கூரின் நடுவர் வி. எஸ். சுப்பிரமணிய ஐயர். அவர்கள் ஒத்துப்போகவில்லை. ஆகவே கல்கத்தாவைச் சேர்ந்த சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி தலைமை நடுவராக அமர்ந்து, 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவு கூறினார். நீர் பாசனத்திற்கே உரியது, மின்சாரத்திற்கு அன்று என்பது அம்முடிவு. நீரிலிருந்து மின்சாரம் எடுக்க இயலுமா என்பது பொறியியலாளர் விடையளிக்க வேண்டிய கேள்வி. அதில் ஐயமே இல்லை. எடுக்க உரிமை உண்டா என்பது ஓர் ஒப்பந்தத்தின் சொற்களைப் பொருள் கொள்ளும் சட்ட அறிஞரின் கேள்வி. வழக்கு இரண்டாம் கேள்வியின்மீது நின்றது. எத்துணைப் பெரிய பொறியியலாளரும் அங்கே உதவியிருக்க முடியாது. பின்னர் 1970-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் கையெழுத்தான துணை ஒப்பந்தங்கள்தாம், வாடகையை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தியும், மின்சாரத்திற்குத் தனிக் கட்டணம் விதித்தும், தமிழ்நாட்டிற்கு அவ்வுரிமையை வழங்கின.

இரண்டாம் வழக்கு எருத்தேன்பதி அடங்கிய அதே சித்தூர் வட்டத்தில் நடந்தது. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடை என்னும் சிற்றூரில், 2000-ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் கோகோ-கோலா நிறுவனத்தின் குளிர்பானத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நிலத்தடி நீரே அதன் மூலப்பொருள். விரைவிலேயே சுற்றிலும் வாழ்ந்த மக்கள், பெரும்பாலும் எரவாளர் முதலிய பழங்குடியினர், கிணறுகள் வற்றுவதையும் நீரின் சுவை மாறுவதையும் பற்றி முறையிட்டனர். 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் தொழிற்சாலை வாயிலில் போராட்டம் தொடங்கிற்று. மயிலம்மா என்னும் எரவாளர் குலத்துப் பெண்மணி அதன் முகமாக விளங்கினார்.

அம்மக்களின் சாட்சியத்தைக் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். தண்ணீர் கசக்கிறது, சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்றனர். சேக்கிழார் காட்டிய அவையில் இதற்கு அயலவர் சாட்சி என்று பெயர். சோதனைச் சாலையிலிருந்து வந்த அறிக்கையோ நீரின் கடினத்தன்மை இவ்வளவு, கரைந்துள்ள உப்புகள் இவ்வளவு என்று எண்களால் பேசும். அரசு மொழிபெயர்ப்பிலேயே நாட்களைக் கழிக்கும் எனக்கு இவை இரண்டும் ஒரே செய்தியின் இரு மொழிகள் என்றே தோன்றுகிறது. ஆனால் நீதிமன்றக் கட்டுகளில் முதல் மொழி முறையீடு என்னும் தலைப்பில் இடம்பெறும். இரண்டாம் மொழி சான்று என்னும் தலைப்பில் இடம்பெறும். ஏழை மக்களின் சொல்லை எண்ணாக மாற்றித் தரும் நிபுணர் கிடைக்கும் வரையில், அச்சொல் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. 2003-ஆம் ஆண்டு ஜூலையில் பி.பி.சி. வானொலி, உழவர்களுக்கு உரமாகக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவை இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக அறிவித்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அவ்வாண்டே கழிவில் காட்மியம் இருப்பதை உறுதிப்படுத்தியது. தன்மீது கூறப்பட்ட குற்றங்களை நிறுவனம் மறுத்தே வந்தது.

ஊராட்சி 2003-ஆம் ஆண்டில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கவே, வழக்குக் கேரள உயர்நீதிமன்றத்தை அடைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் நாள் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து. அரசு அதன் காப்பாளர் மட்டுமே. ஒருவர் அதைப் பெருமளவில் உறிஞ்ச இடங்கொடுக்கலாகாது என்பது அவர் கண்ட நெறி. இந்நெறியை நிலைநாட்ட நீரியல் நிபுணர் எவரும் தேவைப்படவில்லை. அவர் எழுப்பிய கேள்வி, நீர் யாருடையது என்பது.

மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்ந்த அமர்வு வேறு கேள்வியை எழுப்பியது. எவ்வளவு நீரைத் தீங்கின்றி எடுக்கலாம் என்பது அக்கேள்வி. இதற்கு நிபுணர் வேண்டும். கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையத்தைக் கொண்டு ஆய்வு நடத்தப்பட்டது. மழை இயல்பாகப் பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்ற கருத்தை ஏற்று, 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அமர்வு தீர்ப்பு வழங்கியது. ஒரே வழக்கு, ஒரே கிணறுகள், ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு நேர்மாறான முடிவுகள். கேள்வி மாறியது, ஆகவே விடையும் மாறியது. எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விக்கு, எஞ்சிய நீர் குடிக்கத் தக்கதா என்பதை முதன்மையாகச் சொல்லவேண்டிய தேவை இல்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு முதன்மையாக இருந்ததோ அதுதான்.

பின்கதையைச் சுருக்கமாகக் கூறலாம். தொழிற்சாலை 2004-ஆம் ஆண்டு மார்ச்சில் நின்றது, மீண்டும் இயங்கவில்லை. 2017-ஆம் ஆண்டில் நிறுவனம் அங்கே மீண்டும் தொழில் நடத்தும் எண்ணம் இல்லை என்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கிடையே கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, பல துறை நிபுணர்களைக் கொண்டு, மக்களுக்கு நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2010-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இழப்பீடு வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011-ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. போராட்டத்தின் முகமாக விளங்கிய மயிலம்மா 2007-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். நிபுணரின் மதிப்பீடு எவ்வளவு திருத்தமாக இருப்பினும், அதைக் கேட்டுத் தீர்ப்பளிக்க ஒரு மன்றம் இல்லாவிடில் அது வெறுந்தாளே என்பதைப் பிளாச்சிமடை காட்டுகிறது.

மூன்றாம் வழக்கில் நிபுணருக்கு எதிராக நிபுணர் நின்றனர். குஜராத்தில் 1979-ஆம் ஆண்டில் மோர்வி அணை உடைந்து பேரழிவு நேர்ந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய பழைய பெரியாற்று அணையைப் பற்றியும் அவ்வாண்டில் கேரளத்தில் அச்சம் பரவிற்று. மத்திய நீர் ஆணையத்தின் யோசனைப்படி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, அணையை வலுப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடியை வரம்பாக்கிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு மீண்டும் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

இவ்வழக்கில் கேரளம், நிலநடுக்கத்தைப் பற்றி ரூர்க்கி ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் ஆய்வையும், பெருவெள்ளத்தைப் பற்றி டில்லி ஐ.ஐ.டி.யின் ஆய்வையும் முன்வைத்தது. தமிழ்நாடு, மத்திய நீர் ஆணையத்தின் ஆய்வுகளைச் சார்ந்து நின்றது. இரு புறமும் கற்றோர். இரு புறமும் கணக்குகள். முடிவுகள் மட்டும் ஒன்றுக்கொன்று எதிர். இந்நிலையில் நீதிபதி செய்யக்கூடியது யாது? 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஓர் அதிகாரக் குழுவை அமைத்தது. முன்னாள் தலைமை நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைவர், கேரளத்தின் சார்பில் நீதிபதி கே. டி. தாமஸ், தமிழ்நாட்டின் சார்பில் நீதிபதி ஏ. ஆர். இலட்சுமணன், பொறியியல் வல்லுநர் இருவர். அக்குழு நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சி நிலையங்களைக் கொண்டு அணையைப் புதிதாகச் சோதித்து, வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் ஆகிய மூன்று வகையிலும் அணை பாதுகாப்பானதே என்று 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிக்கை தந்தது. 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், தலைமை நீதிபதி ஆர். எம். லோதா முதலிய ஐவர் அமர்வு, கேரளச் சட்டம் செல்லாது என்றும் 142 அடி தேக்கலாம் என்றும் தீர்ப்பளித்து, மேற்பார்வைக் குழு ஒன்றையும் ஏற்படுத்தியது.

இங்கே நீதிமன்றம் காட்டிய வழி கருதத்தக்கது. கட்சிக்காரர் அழைத்துவரும் நிபுணர் எவ்வளவு நேர்மையானவராயினும், ஒரு தரப்பின் கேள்விக்கே விடை தேடுகிறார். இரு தரப்பும் உட்கார்ந்து கேள்வியை ஒன்றாக வகுத்து, சோதனையை ஒன்றாகப் பார்க்கும்போதுதான் விடைக்கு வலிமை உண்டாகிறது. அணையின் கீழே வாழும் மக்களின் அச்சம் ஒரு தீர்ப்பால் மறைந்துவிடவில்லை என்பதும் உண்மையே. அணையைப் பற்றிய கோரிக்கைகளும் மனுக்களும் அதன் பின்னரும் தொடர்ந்தன. இருந்தும், தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களுக்கும் இடுக்கி மக்களின் உயிர்ப் பாதுகாப்புக்கும் இடையே அறிவின் துணைகொண்டு வழிகண்ட முயற்சி இது.

வழக்கு எழுவதற்கு முன்னரே நிபுணர்களைக் கூட்டிவைக்கும் முறையும் உண்டு. அதனால் நேரே பயன்பெறுவது சித்தூர்ப் பகுதி. பெரியாற்றுத் துணை ஒப்பந்தங்கள் கையெழுத்தான அதே 1970 மே 29-ஆம் நாளில் பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. 1958-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் முதலே அது செல்லுபடியாகும் என்றும் வகுக்கப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் கேரளத்திற்குச் சேர்தல் வேண்டும். சித்தூர்ப்புழையின் பாசனம் இந்நீரை நம்பியது. இதை அளந்து கணக்கிடுவோர் இரு மாநிலப் பொறியியலாளர்கள் அடங்கிய கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியத்தினர். அந்த அளவுக் கணக்கு, நீதிமன்றத்திற்கு வெளியே இரு தரப்பு நிபுணரும் ஒருங்கே அளிக்கும் சாட்சியம் எனலாம். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தும், 1988-ஆம் ஆண்டில் தொடங்கியிருக்க வேண்டிய அப்பரிசீலனை நெடுங்காலம் முடிவு காணாமலே கிடக்கிறது. மூலத்தரையிலிருந்து வரும் வலது கரைக் கால்வாயை எதிர்பார்த்திருக்கும் எருத்தேன்பதி உழவருக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. வரும் பருவத்தின் விதைப்புச் செய்தி.

டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் அன்பர்களே! உங்களுள் பலருக்கு ஊரில் நிலம் உண்டு. நிலம் உள்ள இடத்தில் எல்லைத் தகராறும் வாய்க்கால் தகராறும் இல்லாமற் போவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, நீதிமன்றம் ஓர் ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்வையிடச் செய்யலாம். நில அளவையாளர் அவருடன் சென்று அளந்து வரைபடம் தருவார். அவர் வரும் நாளில் நீங்களோ உங்கள் பொருட்டு விவரம் அறிந்த ஒருவரோ அங்கே நின்று, எதை அளக்கவேண்டும் என்பதைக் கேட்டு எழுதச் செய்தல் வேண்டும். உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்கவேண்டியது, வெல்வோமா என்பது அன்று. நம் வழக்கில் தீரவேண்டிய கேள்வி எது, அது ஆவணத்தால் தீருமா, அயலவர் சொல்லால் தீருமா, நிபுணரால் தீருமா என்பதே.

நிபுணரின் கல்வி பெரிது. அது கேட்ட கேள்விக்கே விடை கூறும். கேட்க வேண்டியதைக் கேட்கும் பொறுப்பு வழக்கறிஞருக்கும் நீதிபதிக்கும் மட்டும் உரியது அன்று. கிணற்று நீர் கசக்கிறது என்பதை முதலில் அறியும் குடிமக்களாகிய நமக்கும் உரியது. பிளாச்சிமடைப் பெண்கள் சோதனைச் சாலைக்கு முன்னரே அதை அறிந்திருந்தனர். அவர்கள் சொல்லை முதல் நாளிலேயே சாட்சியமாக எழுதிக்கொள்ளும் அளவுக்கு நம் மன்றங்கள் வளரவேண்டும்.